லயத்துக்குப் பின்னால் குழி வெட்டும்போது வந்த எலும்புகள்: மாடா, மரையா, உயிர்ச்சுவடா?

தலவாக்கலைத்தூறல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் தோட்டத்து லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால் மலசலகூடக் குழி வெட்டும் இடத்தில் எலும்பு மாதிரி சில சாமான்கள் வந்திருக்கின்றன. மேலே ஓரடி கறுப்பு மண், அதற்குக் கீழே சிவப்புக் களி. வேலையை நிறுத்தியாச்சு.

அ) 20 செ.மீ. நீள எலும்பு. முன்பக்கத்தில் நெடுக ஒரு பள்ளக்கோடு. கீழ்முனை தனியாகக் கழன்று வந்தது, அதில் இரண்டு உருளை. மூன்றடி ஆழம்.
ஆ) பெரிய பல் இரண்டு. அரைக்கும் பக்கத்தில் பிறை பிறையாக வடிவம். அதே ஆழம்.
இ) 11 செ.மீ. சின்ன எலும்பு. ஒரு முனைக்குச் சற்று மேலே ஓட்டை. ஓரடி ஆழத்திலேயே வந்தது.
ஈ) கறுப்புக் கட்டி, நல்ல பாரம், நார் நாராக இருக்கிறது.
உ) வெள்ளைக் கட்டிகள். நாக்கில் வைத்தால் ஒட்டுகிறது.
ஊ) விலா எலும்புத் துண்டு. விளிம்பில் கத்தியால் கீறியதுபோல வரிசையாகக் கோடுகள்.

'இ' குழந்தை எலும்பு என்று பக்கத்தில் ஒருவர் சொல்லிவிட்டார், வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை. 'ஈ' உயிர்ச்சுவடு, அதாவது கல்லாகிப்போன எலும்பு என்கிறார் இன்னொருவர். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணுக்கால்

முதலில் 'இ'. மனிதருடையது என்ற சந்தேகம் இருக்கும்போது மற்றதெல்லாம் பிறகுதான்.

எலும்பின் நீளத்தைப் பார்க்காதீர்கள், முனையைப் பாருங்கள். குழந்தையின் கை கால் எலும்புகளில் மூட்டு முனை இன்னும் நடுத்தண்டோடு ஒட்டியிருக்காது. முனை இருக்கவேண்டிய இடத்தில் சொரசொரப்பான, அலை அலையான ஒரு பரப்புத்தான் தெரியும். சிறிய எலும்பு, ஆனால் மூட்டு வழவழவென்று முழுமையாக இருக்கிறது என்றால் அது வளர்ந்து முடிந்த ஒரு சின்ன மிருகம்.

இரண்டு கேள்வி. மூட்டு முனைகள் முழுமையாக இருக்கின்றனவா? ஓட்டை எங்கே: தண்டின் நடுவில், மூட்டுக்கு நேர் மேலே முன்பக்கம் பின்பக்கம் ஊடுருவியா, அல்லது ஓரத்தில் சரிவாகவா?

கையுறை போட்டுக்கொண்டு பாருங்கள். நாக்கில் இனி எதையும் வைக்க வேண்டாம்.

தலவாக்கலைத்தூறல்

இரண்டு முனையும் முழுசாக, வழவழப்பாக இருக்கிறது. ஓட்டை நடுவில், ஊடுருவி மறுபக்கம் தெரிகிறது. பென்சில் முனை போகும்.

கணுக்கால்

நாயின் முன்னங்கால் மேலெலும்பு. முழங்கை மூட்டுக்கு மேலே அந்த ஊடுருவும் ஓட்டை நாயின் அடையாளம். பூனை, சிறுத்தை இரண்டுக்கும் ஓட்டை நடுவில் இராது, உட்புற ஓரத்தில் ஒரு சின்னப் பாலம் போட்டதுபோலச் சரிவாக இருக்கும்.

ஓட்டையை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. சில மனிதர்களுக்கும் அதே இடத்தில் துவாரம் இருப்பதுண்டு. ஆனால் வளர்ந்த மனிதரின் மேற்கை எலும்பு 30 செ.மீ. அளவு வரும். முனை முற்றி 11 செ.மீ. என்பது மனிதக் கணக்கே இல்லை. ஓரடி ஆழமும் வீட்டு நாயைப் புதைக்கும் ஆழம்தான்.

அதே இடத்தில் தாடை கிடைத்தால் உறுதி செய்யலாம். கீழ்த்தாடையில் வேட்டைப்பல்லுக்குப் பின்னால் ஒரு பக்கத்தில் நாய்க்கு ஏழு பல், பூனை இனத்துக்கு மூன்றே மூன்று. பல் விழுந்திருந்தாலும் குழிகளை எண்ணலாம். இன்னொன்று, ஆண் நாய் என்றால் விரல் நீளத்தில், அடியில் வாய்க்கால் ஓடிய ஒரு எலும்பும் வரும். எந்த மூட்டிலும் பொருந்தாது. அது ஆணுறுப்பு எலும்பு. இதைத் தூக்கிக்கொண்டு "என்ன பிராணி" என்று கேட்டு வருபவர்கள் நிறையப் பேர்.

மண்கண்ணாடி

ஈ, உ இரண்டும் என் பக்கம். அதற்கு முன் ஒரு விஷயம்: தேயிலை மலையில் "இது எவ்வளவு பழசு" என்று கேட்பதற்கு முன்னால் "இது ஏன் இன்னும் கரையாமல் இருக்கிறது" என்று கேட்க வேண்டும். தேயிலை விரும்பும் மண்ணின் பீ.எச். 4.5 முதல் 5.5 வரை. அந்தப் புளிப்பில் எலும்பின் கல்சியம் பொஸ்பேற்று கரைந்துகொண்டே இருக்கும், மழை அதைக் கழுவிக்கொண்டு போகும். நம் மழைக்குச் சொல்லவும் வேண்டுமா? எனவே சிவப்புக் களிக்குள் மொத்தமாக, விளிம்பு கூர்மையாக ஒரு எலும்பு இருந்தால் ஒன்று அது சமீபத்தியது, இல்லாவிட்டால் அதைச் சுற்றி எதுவோ புளிப்பை முறித்திருக்கிறது: சாம்பல், டொலமைட், சுண்ணாம்பு. மாத்தளை, திகன பக்கம் போல அடியில் சலவைக்கல் இருந்தாலும் எலும்பு நிற்கும்.

கரைவதிலும் ஒழுங்கு உண்டு. முதலில் பஞ்சுபோன்ற மூட்டு முனைகள், விலா, முள்ளந்தண்டு. பிறகு தடித்த தண்டு. கடைசியில் பல்லின் எனாமல். எனாமல் தொப்பி மட்டும் தனியாக வந்தால்தான் "பழசு" என்று நினைக்கத் தொடங்கலாம். நிறத்தை நம்பவே கூடாது. சிவப்பு மண்ணின் இரும்பும் மங்கனீசும் கொஞ்சக் காலத்திலேயே எலும்பைத் தேநீர் நிறமாக்கிவிடும்.

இப்போது 'ஈ'. குசினித் தராசில் நிறுத்துச் சொல்லுங்கள். பிறகு தராசில் தண்ணீர்ப் பேசினை வைத்துப் பூச்சியமாக்கி, கட்டியை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது காட்டும் கிராம் எத்தனையோ, கட்டியின் கனவளவு அத்தனை மி.லீ.

பனிக்கூதல்

டைனோசராக இருந்தால் எனக்கு ஒரு பல்லு 😄

மண்கண்ணாடி

பல்லுக்கு வேறு நாடு பார்க்க வேண்டியதுதான். மலையகத்தின் அடிப்பாறை முழுவதும் உருமாறிய பாறை: நைஸ், சார்னொக்கைட், குவாட்சைட். ஆழத்தில் பல நூறு பாகை வெப்பத்தில் வெந்து, நசுங்கி, மீண்டும் பளிங்கானது. அதற்குள் எலும்பு எப்படி மிஞ்சும்? இலங்கையில் டைனோசர் காலத்து ஜுராசிக் படிவு என்றால் புத்தளம் பக்கம் தப்போவ, ஆண்டிகம. அங்கும் பேசப்படுவது தாவரச் சுவடுகள். அதற்கு வெகுகாலம் பிந்திய மயோசீன் சுண்ணாம்புக்கல் யாழ்ப்பாணத்திலும் அருவாக்காட்டிலும்.

நமக்குக் கிட்டிய உண்மையான எலும்பு உயிர்ச்சுவடு என்றால் இரத்தினபுரிதான். மாணிக்கக் குழியின் 'இல்லம்' என்கிற சரளைப் படையில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம், காட்டெருது எல்லாம் வந்திருக்கின்றன. இப்போது இவற்றில் ஒன்றுகூட இலங்கைக் காட்டில் இல்லை. தொல்லுயிரியலாளர் பி.ஈ.பி. தெரணியகல வகைப்படுத்தியவை அவை. அங்கே அவை நின்றதற்குக் காரணம், படை எப்போதும் தண்ணீருக்குள், காற்றுப்படாமல் இருந்தது. சரிவில் வெட்டிய மலசலகூடக் குழி அப்படி இல்லை. பொகவந்தலாவைப் பக்கத்து ஆற்றுத்தாழ்வில், உருண்ட கூழாங்கல் படைக்குள்ளிருந்து கறுத்த பாரமான எலும்பு வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள்.

தலவாக்கலைத்தூறல்

நிறை 540 கிராம். தொங்கவிட்டபோது 190.

மண்கண்ணாடி

540ஐ 190ஆல் பிரித்தால் 2.8. காய்ந்த சாதாரண எலும்பு 2க்கு மேல் போகாது. கனிமம் ஏறிய எலும்பு 2.8 வரலாம், ஆகவே பாரம் மட்டும் தீர்ப்பு இல்லை. புதிதாக உடைந்த முகத்தை நகைக்கடைக்காரர் பாவிக்கும் 10 மடங்குக் கண்ணாடியால் பாருங்கள். எலும்பு என்றால் வெளியே இறுக்கமான ஒரு ஓடு, அதில் ஊசி குத்தியதுபோல் சீரான துளைகள், உள்ளே தேன்கூடு. எவ்வளவு கல்லானாலும் அந்தத் துளைகள் மறையாது. கல் என்றால் நார்கள் ஒரே திசையில் ஓடி வெளிச்சத்தில் பட்டுப்போல மினுங்கும், வெளியோடு உள்ளோடு என்ற வித்தியாசமே இராது.

தலவாக்கலைத்தூறல்

மினுங்குகிறது. துளை இல்லை. சின்னச் சிவப்பு மணிகளும் தெரிகின்றன.

மண்கண்ணாடி

சிவப்பு மணி கானற்று, நார் சிலிமனைட், இரண்டும் கனிமங்கள். நம் மலைகளில் இந்தப் பாறை தாராளம். மேலே உள்ள கறுப்பு மங்கனீசுப் பூச்சு. பீங்கான் ஓட்டின் மினுக்கம் இல்லாத பின்பக்கத்தில் தேய்த்தால் கரிக்கோடு விழும். மரமாகவும் எலும்பாகவும் மயக்குகிற கல் இதுதான்.

'உ' அநேகமாக உக்கிப்போன பெல்ஸ்பார், அதாவது வெண்களி. எலும்பு நாக்கில் ஒட்டும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் சொல்வார்கள், ஆனால் வெண்களியும் அதேபோல ஒட்டும். நம் மண்ணில் அந்தச் சோதனைக்கு ஒரு சதம் மதிப்பில்லை. ஒரு துண்டைத் தண்ணீர்க் கோப்பையில் இரவு முழுக்கப் போட்டு வையுங்கள். களி என்றால் காலையில் கரைந்து மாவாகப் படிந்திருக்கும். எலும்பு அப்படியே இருக்கும்.

அலவாங்கு

ஊசியைச் சிவக்கக் காய்ச்சி எலும்பில் வைத்தால் மயிர் கருகிய மணம் வந்தால் புதுசு, வராவிட்டால் பழசு. இவ்வளவு கணக்கு எதற்கு?

கணுக்கால்

அண்ணே, அந்த மணம் எலும்பில் புரதம் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். குளிர்ந்த களிக்குள் புரதம் நெடுங்காலம் நிற்கும், அடுப்பில் போன வாரம் எரிந்த எலும்பில் ஒன்றுமே இராது. இரண்டு பக்கமும் பிழைக்கும். எரிந்ததை நிறத்தில் கண்டுபிடிக்கலாம்: கறுப்பு, அதைவிடச் சூடானால் நீலச்சாம்பல், நன்றாக வெந்தால் சுண்ணாம்பு வெள்ளை, குறுக்கே வளைந்த வெடிப்புகளோடு.

இனி 'அ'. நெடுகப் பள்ளக்கோடும் கீழே இரட்டை உருளையும் சேர்ந்து வந்தால் அது இரட்டைக் குளம்பு மிருகத்தின் கால்: மாடு, எருமை, ஆடு, மான், மரை (பெரிய மான் வகை). இரண்டு எலும்பு ஒன்றாக ஒட்டி வளர்ந்த தடம்தான் அந்தக் கோடு. குதிரைக்கு ஒரே உருளை, பக்கத்தில் ஈர்க்குப்போல இரண்டு மெல்லெலும்பு. துரைமார் குதிரை வைத்திருந்த பழைய தோட்டங்களில் அதுவும் வரும்.

மாடா மரையா என்பதுதான் மலையகத்தில் வழக்கமான சண்டை. தண்டை நடுவில் குறுக்காகப் பாருங்கள். தட்டையாக, ஆங்கில D எழுத்தைப் போல என்றால் முன்கால். சதுரம் என்றால் பின்கால். பின்கால் என்றால் முடிவு சுலபம்: அந்தப் பள்ளக்கோடு கீழே உருளைகளுக்குக் கிட்ட வரும்போது மேலே ஒரு எலும்புப் பாலம் மூடிவிட்டால் மான் அல்லது மரை. மூடாமல் திறந்தபடியே இறங்கினால் மாட்டு வகை. ஹோட்டன் சமவெளி ஓரத்துத் தோட்டங்களில் மரை எலும்பு புதினமில்லை, ஆகவே இதைப் பார்க்காமல் மாடு என்று எழுதிவிடக் கூடாது.

பல்லில்: பிறை வடிவம் அசைபோடும் மிருகம். இரண்டு பிறைக்கு நடுவில் பக்கவாட்டில் பல்லின் உயரத்துக்கு ஒரு மெல்லிய தூண் ஏறியிருந்து, தேயாத பல் 5 செ.மீ. அளவு உயரம் என்றால் மாடு. மரைப் பல் கட்டை, அதன் தூண் அடியில் சின்னக் குமிழாக நின்றுவிடும். பன்றிப் பல்தான் மனிதப் பல்லோடு அதிகம் குழப்பும், இரண்டிலும் மேடு மேடாக இருக்கும். ஆனால் பன்றியின் கடைசிக் கடைவாய்ப்பல் நீண்டு, சின்ன மேடுகள் நெருங்கிப் பருத்தித்துறை வடைபோலக் கரடுமுரடாக இருக்கும். மனிதக் கடைவாய்ப்பல் ஒரு செ.மீ. சொச்சம், மேடு நான்கு அல்லது ஐந்து.

'ஊ' கோடுகள் முள்ளம்பன்றி. எலும்பைக் கொறித்துக் கல்சியம் எடுக்கும். ஒன்றையொட்டி ஒன்று, அகலமான, அடி தட்டையான கால்வாய்கள், எப்போதும் விளிம்பில். கத்திக் கீறலின் அடி கூராக 'வி' மாதிரி இருக்கும். இறைச்சிக்கடை வாள் என்றால் வெட்டுமுகமே தட்டையாக, நுண்ணிய கோடுகளோடு. வேர் அரித்த தடம் நெளிந்து கிளைவிடும், அதை எழுத்து என்று நம்பியவர்களும் உண்டு.

தலவாக்கலைத்தூறல்

பின்கால்தான், சதுரம். பள்ளக்கோடு திறந்தே இருக்கிறது. பல்லில் தூண் இருக்கிறது. வெள்ளைக் கட்டி ஒன்று காலையில் மாவாகிவிட்டது, இன்னொன்று கரையவில்லை. எலும்புகளைச் சுற்றிச் சாம்பல் வெள்ளையில் ஒரு படை இருந்தது, அதில் தேசிக்காய்ப்புளி விட்டேன், பொங்கியது. கரையாத கட்டியும் பொங்குகிறது.

மிருகவைத்தியம்

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

கழன்ற முனை என்றால் மாட்டுக்கு இரண்டு, மூன்று வயதுக்குள். அந்த மூட்டு ஒட்டுவது அந்த வயதில்தான். இளம் மாடு, மூன்றடி ஆழம், இறைச்சிக்கு வெட்டிய அடையாளம் இல்லை, சுற்றிவரச் சுண்ணாம்பு. இறைச்சிக்கு உதவாத மாட்டைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்திருக்கிறார்கள். நோயில் செத்த மாடாக இருக்கலாம். மேலே மண்கண்ணாடி கேட்ட "ஏன் கரையவில்லை" என்பதற்கும் பதில் அதே சுண்ணாம்பு.

அந்த நோய் அடைப்பானா (அந்திராக்ஸ்) என்று எலும்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அடைப்பானின் வித்திகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும், சுண்ணாம்பு அவற்றைக் கொல்லாது. எனவே:

அந்தக் குழியை இனி வெட்ட வேண்டாம், மலசலகூடத்துக்கு வேறு இடம் பாருங்கள். எடுத்த மாட்டு எலும்பைத் திரும்ப அதற்குள்ளேயே போட்டு, வெட்டிய மண்ணாலேயே மூடுங்கள். அந்த மண்ணை மரக்கறிப் பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது. மாடு ஆடுகளை அதன்மேல் மேய விட வேண்டாம். கையில் காயம் இருப்பவர் தொட்டிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அடுத்த நாட்களில் அந்த இடத்தில் வலியில்லாத கொப்புளம் வந்து நடுவில் கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி, புதைத்த மாட்டின் எலும்பைத் தொட்டது என்று மறக்காமல் சொல்லுங்கள். காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தாலும் போங்கள், ஈர மண்ணில் எலிக்காய்ச்சலும் இருக்கிறது. உங்கள் பகுதி அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு இடத்தை அறிவியுங்கள்.

பயப்படுத்தச் சொல்லவில்லை. பெரும்பாலும் ஒன்றும் இராது. ஆனால் இதற்கு ஆகிற செலவு ஒரு சோடி கையுறையும் இரண்டு மணித்தியால மண்வேலையும்தான்.

பழந்தடம்

மனித எலும்பு பற்றி ஒரு வார்த்தை, இந்த இழையைப் பிறகு வாசிப்பவர்களுக்காக. தோட்டக் காணிகளில் அடையாளமில்லாத பழைய புதைகுழிகள் உண்டு, கோப்பிக் காலத்திலிருந்து. நம் முன்னோரில் எத்தனையோ பேர் கல் நாட்டாமல் படுத்திருக்கிறார்கள். புளித்த மண்ணில் அவர்களின் எலும்பு போயிருக்கும்; ஆள் நீளத்துக்கு நிறம் மாறிய மண், பல் எனாமல், துருப்பிடித்த ஆணி, பாசிமணி, காசு, இவ்வளவுதான் வரும். ஆகவே "எலும்பே இல்லையே" என்று தொடர்ந்து வெட்டக்கூடாது.

மண்டையோட்டுத் துண்டு என்று சந்தேகம் வந்தால் உடைந்த விளிம்பைப் பாருங்கள். இரண்டு தட்டுக்கு நடுவில் பஞ்சு, பிஸ்கட்டுக்கு நடுவில் கிறீம் மாதிரி. தொடை எலும்பு என்றால் பின்பக்கம் நெடுக ஒரு வரம்பு ஓடும், மேல்முனை உருண்டையில் சின்னக் குழி. இப்படி எதுவும் தெரிந்தால் எடுக்க வேண்டாம், துணியோ தகரமோ போட்டு மூடிவிட்டு கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். நீதவான், சட்ட வைத்திய அதிகாரி வழியாகத்தான் அது போக வேண்டும். எடுத்துக் கழுவிப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு சொன்னால் உங்களுக்குத்தான் அலைச்சல். சிறுத்தை மண்டையோடு, யானைத் தந்தம் வந்தாலும் வீட்டில் வைக்கக்கூடாது, வனசீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

கொத்மலைக்காற்று

யானை இந்த உயரத்தில் வருமா?

கணுக்கால்

இப்போது மிக அரிது. 19ஆம் நூற்றாண்டில் மலைக்காடுகளில் நிறைய இருந்தன. நூற்றுக்கணக்கில் யானை சுட்ட மேஜர் ரொஜர்ஸ் பதுளையில் இருந்தவர், 1845இல் அப்புத்தளைப் பக்கம் இடிவிழுந்து செத்தார், கல்லறை நுவரெலியாவில். ஆக கோப்பிக்கு முந்திய மண்ணில் வரலாம். யானைக் கால் எலும்புக்குள் மச்சைக் குழி வெறுமையாக இராது, முழுவதும் பஞ்செலும்பு நிறைந்திருக்கும். மாட்டு எலும்பை உடைத்தால் குழாய். வேறு எதுவும் பார்க்கத் தேவையில்லை.

தலவாக்கலைத்தூறல்

மாட்டு எலும்பைப் போட்டு மூடியாச்சு. நாய் எலும்பைப் பக்கத்தில் வேறாகப் புதைத்தோம். விலாத்துண்டு வெயிலில் கிடந்து நெடுக வெடித்துவிட்டது, அதுவும் குழிக்குள் போய்விட்டது. புதுக் குழி பத்தடி தள்ளி வெட்டுகிறோம், சுண்ணாம்பு இல்லை. ஆனால் அங்கே முக்கால் அடியில் இது ஒன்று: கட்டை மாதிரி, 3 செ.மீ. நீளம், இரண்டு முனையிலும் கப்பி போலப் பள்ளம். கையுறையோடுதான் எடுத்தேன்.

கணுக்கால்

ஈர எலும்பை வெயிலில் வைத்தால் அப்படித்தான் வெடிக்கும். இதை நிழலில், பத்திரிகைத் தாளில் பரப்பி, இந்தப் பனிக்கு மூன்று நான்கு கிழமை விடுங்கள். கழுவ வேண்டாம், மெல்லிய பிரஷ் போதும். வார்னிஷும் பசையும் வேண்டவே வேண்டாம்.

படம் எடுப்பதென்றால் அடிமட்டத்தை எலும்பின் மேற்பரப்பு உயரத்திலேயே வையுங்கள், கீழே நிலத்தில் அல்ல. போனை ஒரு மீற்றர் தள்ளிப் பிடித்து ஸூம் பண்ணுங்கள். கிட்டப் பிடித்தால் கிட்ட உள்ள முனை பெரிதாகித் தெரியும். வெளிச்சம் பக்கத்திலிருந்து வரட்டும்.

இரண்டு முனையிலும் கப்பி என்றால் இரட்டைக் குளம்பு மிருகத்தின் கணுக்கால் எலும்பு. மாட்டுக்கு 6 செ.மீ. அளவு வரும், குதிரைக்கு ஒரு முனையில் மட்டும்தான் கப்பி, அதுவும் சரிவாக. 3 செ.மீ. என்றால் அநேகமாக ஆடு. கீழ்முனைக் கப்பி மேல்முனைக்கு நேராக இருக்கிறதா, ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதா? திரும்பியிருந்தால் பன்றி.

தலவாக்கலைத்தூறல்

நேராகத்தான் இருக்கிறது.

கணுக்கால்

அநேகமாக ஆடு. குழியைத் தொடருங்கள்.